பேங்க்கில் வேலை பார்க்கும் தங்கை

விசாகப்பட்டினம்
11 ஜனவரி 2026

அண்ணாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. நீ பிரிக்காவிட்டால் அம்மா பிரித்து உனக்குப் படித்துக்காட்டுவாள். அதற்குப் பயந்தாவது நீயே படிப்பாய்.

நேற்று கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியதும் அம்மாவிடம் பேசினேன். உனக்குப் பெண் பார்த்தாயிற்று என்றாள். பெயர் கனிஷ்கா, உன் கம்பெனியிலேயே குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள், சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர், இப்போது சேரப்பணஞ்சேரியில் லேடீஸ் ஹாஸ்டல். பிப்ரவரி 22 நிச்சயதார்த்தம். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ வா கவியா. ஆனா அங்க வந்து நேவி கீவினு பேசிக்கினு இருக்காத. உன்ன பேங்க்ல வேலைன்னு சொல்லி வச்சிகீறான்."

"ஏம்மா?"

"அவன்தான் நேவிக்கு செலக்ட் ஆனானாம். அப்பா போயிட்டாரு, வூட்ட வுட்டுட்டுப் போவ முடியாதுன்னு வேணாம்னு எழுதிக் குடுத்தானாம். அப்டிதான் அந்தப் பொண்ணு வூட்ல நெனச்சிக்கினு கீறாங்க. கல்யாணம் நடக்கற நேரத்துல இன்னாத்துக்கு அதக் கெளறணும்?"

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

மே மாதம் நான் விடுமுறையில் வந்தபோது மண்ணூர் கூட்டுரோட்டில் பசங்க எனக்குப் பேனர் வைத்தார்கள். வெள்ளை யூனிஃபார்மில் நான், மேலே 'எங்கள் ஊரின் முதல் கடற்படை அதிகாரி'. மறுநாள் காலை நீ அதை பிளேடால் கிழித்துக்கொண்டிருந்ததை நான் பால் பாக்கெட்டோடு நின்று பார்த்தேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேன். கத்தியது தப்பு. ஆனால் கிழிப்பதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அந்த யூனிஃபார்மையே நீ எடுத்துப் போட்டுக்கொண்டாய் என்று நேற்றுதான் தெரிந்தது.

அம்மா சொன்னது உண்மையா? நீயே எழுது.

கவியா


மண்ணூர்
19 ஜனவரி 2026

கவியா,

உண்மைதான்.

போன வருடம் குடியரசு தினத்துக்கு மறுநாள், கேன்டீன் டிவியில் டெல்லி அணிவகுப்பைத் திரும்பப் போட்டார்கள். கடற்படை வரிசை வந்தது. பெயின்ட் ஷாப் இன்சார்ஜ் வேல்ராஜ் சார் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னா பகலவா, நீகூட அந்த அஞ்சு நாள் இன்டர்வியூ எல்லாம் போனியாமே, இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் மூன்று தடவை போய் மூன்று தடவையும் திருப்பி அனுப்பப்பட்டேன் என்று, வாயில் சோறு இருக்கும்போது, பத்துப் பேர் முன்னால் சொல்லிப் பார். எனக்கு வரவில்லை. "செலக்ட் ஆச்சு சார், வூட்டு சூழ்நிலை, போவல" என்று வந்துவிட்டது. அடுத்த மேஜையில் கனிஷ்கா இருந்தாள். அதுவரை நான் அவளுக்கு 'பி ஷிஃப்ட் பெயின்ட் சூப்பர்வைசர்'. அன்றுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை உன்னால் விட்டுவிட முடிந்திருக்குமா?

பிறகு ஒரு நாள் தங்கை என்ன செய்கிறாள் என்று கேட்டாள். நேவி என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று உனக்கே தெரியும். விசாகப்பட்டினத்தில் பேங்க் என்றேன்.

பேனரை ஏன் கிழித்தேன் என்றால், என் கம்பெனி பஸ் அந்தக் கூட்டுரோட்டில்தான் நிற்கும், உள்ளே இருக்கும் எல்லோர் கண்ணிலும் படும். இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்கிறேன். பேனரின் கீழ்ப்பக்கம் 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று ஸ்டாம்ப் சைஸில் இருபது போட்டோ இருந்ததே, பார்த்தாயா? இரண்டாவது வரிசையில், கோழிக்கடைக்காரருக்கும் கேபிள் டிவிக்காரருக்கும் நடுவில் நான். பசங்க என்னைக் கேட்காமலே போட்டிருந்தார்கள். உன் ஷூ என் தலையைவிடப் பெரியதாக இருந்தது.

பொறாமைதான். பெயரை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு கார் பம்பர் என் கண்ணைத் தாண்டிப் போகிறது. பெயின்டில் தூசி இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிறேன். அந்த எட்டு மணி நேரமும் நீ எந்தக் கடலில் நிற்கிறாய் என்று என் மூளை தானாகக் கணக்குப் போடுகிறது. நிறுத்தத் தெரியவில்லை.

நிச்சயதார்த்தம் சங்கரன்கோவில் பக்கம் அவர்கள் ஊரில். நம் ஊர் ஆட்கள் அதிகம் வரமாட்டார்கள். தங்கை வரவில்லை என்றால் அவள் அப்பா பெருமாள்சாமி தப்பாக எடுத்துக்கொள்வார். நீ வர வேண்டும். பேங்க் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாள். கல்யாணத்துக்கு ஏப்ரல் வரை டைம் இருக்கிறது, அதற்குள் நான் ஏதாவது யோசிக்கிறேன்.

பகலவன்


விசாகப்பட்டினம்
27 ஜனவரி 2026

அண்ணா,

வரமாட்டேன்.

எழிமலைக் கடற்படை அகாடமியில் எங்கள் அணிவகுப்பு முடிந்த நாளை நினைத்துப் பார். நவம்பர் 2023. பயிற்சி முடித்தவர்களின் தோளில் அதிகாரிப் பட்டை துணியால் மூடியிருக்கும். பெற்றவர்கள் வந்து ஆளுக்கொரு தோளில் அந்தத் துணியை எடுத்துப் பட்டையைத் திறந்துவைப்பார்கள். அப்பா இல்லை. வலது தோள் அம்மாவுக்கு, இடது தோள் உனக்கு என்று இரண்டு மாதம் முன்பே சொன்னேன். சரி என்றாய். உனக்கும் டிக்கெட் போட்டேன். அம்மா மட்டும் தனியாக ரயிலில் இருந்து இறங்கினாள். "அவனுக்கு ஓ.டி. போட்டுட்டாங்களாம்." என் இடது தோளைத் திறந்தது யார் தெரியுமா? என்னோடு பயின்ற ஷாரோனின் அப்பா. தன் மகளுடையதைத் திறந்துவிட்டு, நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வந்தார். போட்டோவில் அவர் கைதான் இருக்கிறது.

அன்று உனக்கு ஓவர்டைம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

பொறாமை என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நானும் ஷாரோனும் இதே கப்பலில்தான் இருக்கிறோம், ஒரே கேபின். எங்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. கேப்டன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கப்பலைச் செலுத்தும் பொறுப்பை உன் கையில் தரலாம் என்று அவரே கையெழுத்துப் போடுவது. வாட்ச் சான்றிதழ் என்போம். அது இல்லாத அதிகாரி கப்பலில் விருந்தாளி மாதிரி. ஷாரோனுக்கு நவம்பரிலேயே கிடைத்துவிட்டது. என்னிடம் கேப்டன், "இன்னும் கொஞ்சம்" என்றார். நான் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் கடல் கொந்தளித்து அவள் வாந்தியெடுத்துப் படுத்துக் கிடந்தாள். எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தது நான்தான். கொடுக்கும்போது உள்ளுக்குள் இனித்தது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் நான் அவள் சான்றிதழில் என் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. நீ எழுதிக்கொண்டாய். நான் காலை நாலரைக்கு எழுந்து ஓடியது, முழங்கால் வீங்கியது, நூறு பேர் நடுவில் ஒற்றை ஆளாகத் தமிழில் கனவு கண்டு ஆங்கிலத்தில் விழித்தது, எல்லாவற்றையும் 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் தூக்கிப்போட்டு நீ பெரிய மனிதன் ஆகிவிட்டாய். எனக்கு ஒரு பேங்க்கைக் கொடுத்துவிட்டாய்.

என் வாழ்க்கையை வைத்துக்கொண்டு நீ கல்யாணம் செய்துகொள். நான் வந்து சாட்சி சொல்ல மாட்டேன்.

கவியா


மண்ணூர்
3 பிப்ரவரி 2026

கவியா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். 'நீ எழுதிக்கொண்டாய்' என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

எழிமலைக்கு நான் ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீ போபாலில் அந்த ஐந்து நாள் தேர்வு முடித்து வந்த சாயங்காலம். நான் ஏ ஷிஃப்ட் முடித்து வந்து உள்ரூமில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டீர்கள். நீ அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாய்: "'உன் வாழ்க்கையில நீ செஞ்ச பெரிய காரியம் இன்னா'ன்னு கேட்டாங்கம்மா. எனக்கு ஒண்ணுமே தோணல. வெள்ளத்தச் சொல்லிட்டேன். நான்தான் நீந்திப் போனேன்னு." அம்மா, "அடிப்பாவி, அது அவன் பண்ணதாச்சே" என்றாள். நீ சிரித்தாய். "அவங்களுக்குத் தெரியவா போவுது?"

2015 டிசம்பர். ஏரித் தண்ணி கீழத்தெருவுக்குள் வந்த காலை. நாகப்பன் அண்ணன் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் ஓட்டுக்கூரை மேல் நின்றார்கள். லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை போய் மூன்று பேரைக் கொண்டுவந்தது யார்? எனக்கு அப்போது பதினெட்டு வயது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே காரியம் அது. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பம்பரில் தூசி பார்க்கிறவனுக்கு வேறு என்ன இருக்கும்?

அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து நீ யூனிஃபார்ம் வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தத் தோள் பட்டையை நான் வந்து திறக்க வேண்டுமா?

திருடி என்று நான் உன்னை இதுவரை சொன்னதில்லை. நீ முதலில் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

நிச்சயத்துக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

பகலவன்


விசாகப்பட்டினம்
10 பிப்ரவரி 2026

அண்ணா,

ஆமாம். செய்தேன்.

சாக்கு சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த அறையில் ஒரே ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். என் இருபத்திமூன்று வருடத்தையும் தேடினேன். பரீட்சை மார்க், பேச்சுப் போட்டி கப். வாயைத் திறந்தேன், தண்ணீருக்குள் நான் இறங்கியதாக வந்தது. அவர் திரும்பப் பேனாவைத் திறந்து எழுதினார்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ கோபப்படுவாய். அன்று உன் டியூபில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தது நான். பள்ளிக்கூட கேட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, நீ போக விட்டுக்கொடுத்து, வர இழுத்து, மூன்று தடவையும். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. நீ வந்ததும் ஊரே உன்னைத் தூக்கியது. அம்மா உனக்குத் தலை துவட்டினாள், உனக்கு டீ, உனக்குப் போர்வை. நான் கையை மடித்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஒருத்தர்கூடத் திறந்து காட்டச் சொல்லவில்லை. மறுநாள் பேப்பர்காரர் வந்து உன்னைப் படம் எடுத்தார். பதினாறு வயதில் நான் உன்மேல் எவ்வளவு பொறாமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. போபாலில் வாயில் வந்தது அதுதானோ என்னவோ.

நிச்சயத்துக்கு வருகிறேன். பேங்க்கில் வேலை பார்க்கிறேன். எந்தக் கிளை, என்ன பொறுப்பு என்று நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்பதை அம்மாவிடம் சொல்லி அனுப்பு. உளறிவிடக்கூடாது.

கவியா


மண்ணூர்
26 பிப்ரவரி 2026

கவியா,

நீ திருநெல்வேலியில் ரயில் ஏறிய பிறகு உன்னிடம் பேச வேண்டும் என்று போனை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வருகிறது.

அங்கே உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனிஷ்காவைப் பார்க்க வேண்டிய நாளில் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அவள் சித்தி உன் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னம்மா, பேங்க்கு வேலைன்னு சொல்லுதாக, கை இப்பிடிக் காய்ச்சுக் கெடக்கு, மூஞ்சி வேற வெயில்ல கறுத்துருக்கு?" என்று கேட்டபோது எனக்கு உயிர் போய்விட்டது. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லோன் வசூலுக்கு ஸ்கூட்டியிலதான் ஊர் ஊராப் போவணும் அத்தை. அங்க வெயில் ஜாஸ்தி" என்றாய். பொய்யைக்கூட நீ என்னைவிட நன்றாகச் சொல்கிறாய். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. என்னை என்ன செய்வது?

பிறகு தட்டு மாற்றியதும் பெருமாள்சாமி மாமா எழுந்து நின்று பேசினாரே. "நேவியில ஆபீசர் வேலை. வீடு தேடி வந்துருக்கு. பெத்த தாய்க்காக, கூடப் பொறந்த பிள்ளைக்காக வேண்டாம்னு சொல்லிட்டு, கம்பெனியில சட்டையெல்லாம் பெயின்டோட நிக்காரு எங்க மாப்பிள்ள. எம்புட்டுப் பெரிய மனசு வேணும்?" என்றார். உன் பக்கம் திரும்பி, "அம்மா, நீ இன்னைக்கு ஏசியில உக்காந்து வேல பாக்கேன்னா அது உங்க அண்ணன் உனக்கு விட்டுக் குடுத்தது. மறந்துராத" என்றார்.

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ எழுந்து, "மறக்க மாட்டேன் மாமா" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாய். கை தட்டினார்கள்.

எனக்கு அந்தக் கைதட்டல்தானே வேண்டியிருந்தது? இத்தனை வருடமாக அதற்குத்தானே ஏங்கினேன்? கிடைத்தபோது சட்டைக்குள் எறும்பு விட்டது போல இருந்தது. அம்மா குனிந்து புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பிடும்போது நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். என் இலையில் அப்பளம் இல்லை என்று பார்த்து உன்னுடையதை எடுத்து வைத்தாய். அதற்குப் பதில் நீ என்னைத் திட்டியிருக்கலாம்.

கல்யாணம் ஏப்ரல் 26, ஸ்ரீபெரும்புதூரில். மண்ணூரே வரும். எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

பகலவன்


அந்தமான், போர்ட் பிளேர்
14 மார்ச் 2026

அண்ணா,

உன் கடிதம் கடற்படைத் தபாலில் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வாட்ச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. காக்கிநாடாவுக்கு வெளியே காலை பத்து மணி. முன்னால் நாற்பது ஐம்பது மீன்பிடிப் படகுகள், வலையை விரித்துக்கொண்டு. கேப்டன் தன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். நடுவில் புகுந்து போகும் வழி ஒன்று இருந்தது, இருபது நிமிஷம் மிச்சமாகும். வலை அறுந்தால் அவர்கள் பிழைப்பு போய்விடும். நான் கப்பலை வலது பக்கம் திருப்பி, கூட்டத்தை முழுதாகச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன். அவர் டீயை முடித்துவிட்டு, "இதைத்தான் நாலு மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். மதியம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஷாரோன் குதித்தாள். அவள் குதித்தது நிஜம்தான். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. உன்னுடையது என்று நீ சொன்ன ஒரே காரியம். அதன்மேல் நின்றுதான் இதையெல்லாம் வாங்கினேன். சங்கரன்கோவிலில் ஒரு நாள் பொய் சொல்லிவிட்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இங்கே இரண்டரை வருடமாக அதே பொய்யோடு சல்யூட் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தேர்வில் நான் சொன்னது என் அண்ணன் செய்தது, நான் செய்ததல்ல என்று. விசாகப்பட்டினம் திரும்பியதும் கேப்டனிடம் கொடுக்கப் போகிறேன். வேலை போகலாம். போனால் உனக்கு நிம்மதி என்று ஒரு நிமிஷம் கெட்ட எண்ணம் வந்தது, மன்னித்துவிடு.

நீ கல்யாணத்தில் என்ன சொல்லச் சொல்கிறாயோ அதைச் சொல்கிறேன். பேங்க் வேலையே நிஜமாகிவிடவும் கூடும்.

கவியா


மண்ணூர்
30 மார்ச் 2026

கவியா,

முதலில் அந்தத் தாள் விஷயம். அந்த மூன்று தேர்விலும் உள்ளே என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும். இப்போது கேள்.

பெங்களூரில் அதே கேள்வியைக் கேட்டார்கள். வெள்ளத்தைச் சொன்னேன். கோவையில் கேட்டார்கள். வெள்ளத்தைச் சொன்னேன். போபாலில், நீ உட்கார்ந்த அதே கட்டடத்தில், அதையேதான் சொன்னேன். தண்ணீர் எத்தனை அடி, ஓடு எப்படி வழுக்கியது, சின்னப் பிள்ளை என் காதைக் கடித்தது, எல்லாம் சொன்னேன். நிஜமாக நீந்தினவன் சொன்னேன். மூன்று முறையும் ஐந்தாம் நாள் மாலை பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

புரிகிறதா? உன்னை எடுத்தது அந்தக் கதைக்காக இல்லை. இதை நான் எத்தனை வருடமாகத் தெரிந்தே தெரியாதது போல வைத்திருந்தேன் தெரியுமா? நீ திருடிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. திருடு போனவனுக்குத் தோற்றவன் என்று பேர் வராது பார். தாளைக் கொடுப்பதானால் கொடு. ஆனால் நான் சொன்ன இதையும் அதில் எழுது. என் மூன்று தேர்வின் தேதியும் எண்ணும் பின்பக்கம் இருக்கிறது.

இரண்டாவது. கனிஷ்காவிடம் சொல்லிவிட்டேன்.

போன புதன்கிழமை, ஷிஃப்ட் முடிந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில். உன் கடிதம் பையில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நீ யார், நான் யார், பேனர், எழிமலை, நிச்சயத்தில் நீ சொன்ன பொய், எல்லாம். அவள் டீ ஆறிப் போயிற்று. கம்பெனி பஸ் இரண்டு போய்விட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெள்ளத்துல மூணு பேரக் கொண்டாந்தது நெசமா?"

"நிஜம்."

"அத ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?"

அந்தக் கதையைச் சொன்ன இடத்தில் எல்லாம் தோற்றுப்போனேன், அதனால் அதற்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிட்டேன். அப்படித்தான் சொன்னேன்.

"நான் நேவிக்காரரக் கட்டிக்கணும்னு ஆசப்பட்டேனா? இவ்வளவு நாளா நான் யாருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்னே தெரியல" என்று எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் லைனில் என் பக்கம் திரும்பவில்லை. நான் தள்ளிவிட்ட பம்பரை எல்லாம் இன்னொரு தடவை செக் பண்ணினாள். வேல்ராஜ் சார்கூட, "இன்னாப்பா, குவாலிட்டி திடீர்னு டைட்டா கீது?" என்றார்.

நேற்று அவளாக வந்தாள். "எங்க அப்பாட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க போயி சொல்லணும். அவரு வேண்டாம்னா வேண்டாந்தான்" என்றாள். இன்று சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதத்தைக் கிளாம்பாக்கத்தில் போட்டுவிட்டுப் போகிறேன். பயமாக இருக்கிறது கவியா. தண்ணீரில் இறங்கியபோதுகூட இவ்வளவு பயம் இல்லை.

அண்ணன்


விசாகப்பட்டினம்
9 ஏப்ரல் 2026

அண்ணா,

தாளைக் கொடுத்தேன். நீ சொன்னதையும் சேர்த்து எழுதினேன்.

கேப்டன் நின்றுகொண்டே படித்தார். "இதை நான் மேலே அனுப்பத்தான் வேண்டும். அவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது" என்றார். தாளை மடித்துக்கொண்டே, "உனக்கு வாட்ச் கொடுத்தது போபால்காரர்கள் இல்லை, நான். அதை என் குறிப்பில் எழுதுகிறேன்" என்றார். வெளியே போகும்போது கூப்பிட்டு, "உன் அண்ணன் கடைசியில் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார்.

ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, 24-ஆம் தேதி முதல். அம்மாவுக்குப் போன் போட்டால், "நீயே அவங்கிட்ட கேட்டுக்கோ, நான் எதுலயும் வரல" என்கிறாள். சங்கரன்கோவிலில் என்ன நடந்தது? கல்யாணம் இருக்கிறதா இல்லையா? நான் கிளம்பட்டுமா?

கவியா


மண்ணூர்
15 ஏப்ரல் 2026

கவியா,

கிளம்பி வா. கல்யாணம் இருக்கிறது.

பெருமாள்சாமி மாமா முழுக்கக் கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தை சோறு போட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவ எழுந்தபோது வாசலில் நின்றார். "நான் ஊர் கூடி நிக்கும்போது ஒரு பொய்ய நெசம்னு பேசிட்டேன். அந்தப் பிள்ள வேற எந்திரிச்சு நின்னு சிரிச்சிச்சே. அத நெனச்சாத்தான் எனக்குத் தாங்க முடியல" என்றார். "எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். தாலி கட்டுன கையோட, அதே மைக்கப் பிடிச்சு, உங்க தங்கச்சி யாருன்னு நீங்களே சொல்லணும். என் சாதிசனம் அம்புட்டும் கேக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கனிஷ்கா படித்துவிட்டு இரண்டு வரியை அடித்தாள்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. உனக்கு வாட்ச் கிடைத்தது என்று படித்த அன்று லைனில் இரண்டு தூசி பம்பரைத் தவற விட்டேன். மேலிடத்திலிருந்து உனக்கு நல்ல பதில் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், வேண்டிக்கொள்ளும்போதே வயிறு எரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

அதனால் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நான் உன்னைப் பற்றிப் பேசும்போது என் முகத்தைப் பார்க்காதே. அம்மாவைப் பார்த்துக்கொண்டிரு.

அண்ணன்